தூரத்துப் பாடகி திடீரென இறந்தால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளுக்கும் கழகங்களுக்கும்

வெளிநாட்டுப் பாடகர் ஒருவர் இறந்த செய்தி நம் பக்கத்துக்கு அநேகமாக இரவில்தான் வந்து சேரும். பிரித்தானியப் பாடகி எமி வைன்ஹவுஸுக்காக 2011 ஜூலை 23ஆம் திகதி லண்டன் கம்டன் வீட்டிலிருந்து அம்புலன்ஸுக்கு அழைப்புப் போனபோது அங்கே பிற்பகல் 3.54, கல்லடியில் இரவு 8.24. மைக்கல் ஜக்சன் இறந்துவிட்டதாக 2009 ஜூன் 25ஆம் திகதி பிற்பகல் 2.26க்கு லொஸ் ஏஞ்சலஸில் அறிவித்த நேரம் நமக்கு மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குக் கிட்ட. 2024 ஒக்டோபர் 16ஆம் திகதி மாலை ஐந்து மணி கடந்து புவனஸ் அயர்ஸ் ஹோட்டல் மாடியிலிருந்து லியாம் பெய்ன் விழுந்தபோது இங்கே அதிகாலை ஒன்றரை.

அந்த நேரத்தில் வீடு தூங்குகிறது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக அதை வாசிக்கிறது. விடிந்ததும் வீங்கிய கண்ணைப் பார்த்து "என்ன மனே, காய்ச்சலா?" என்று அம்மா கேட்பார். அந்தக் காலையிலிருந்து அடுத்த சில வாரங்கள் வரைக்கும் வீட்டிலும் வகுப்பிலும் இளைஞர் கழகத்திலும் என்ன செய்யலாம், எது பிழையாகிப்போகும் என்பதற்கே இந்தக் குறிப்பு.

முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரைப் பற்றி விறாந்தையில் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் உள்ளறையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் பேசுங்கள். குடியை விட்டுப் பார்த்து முடியாமல்போன அண்ணனாக இருக்கலாம். ஐஸ் போதைப்பொருள் பாவிப்பதை ஒளித்து வைத்திருக்கும் தம்பியாக இருக்கலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பை யாரிடமும் சொல்லாத மகளாக இருக்கலாம். தானும் வாய் திறந்து சொன்னால் இந்த வீடு தன்னைப் பற்றி என்ன சொல்லும் என்பதை அவர்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

செய்தி இரண்டு துண்டாக வரும்

"இறந்தார்" என்பது சில மணித்தியாலத்தில் உறுதியாகிவிடும். "எப்படி இறந்தார்" என்பதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். இரண்டையும் ஒரே மூச்சில் பரப்புவதால்தான் பெரும்பாலான பிழை நடக்கிறது.

முதல் துண்டுக்கு ஒரு மணித்தியாலம் பொறுத்தால் போதும். பொலிஸோ குடும்பமோ அவருடைய முகாமையாளரோ பெயரோடு சொல்லியிருக்க வேண்டும். சொந்தச் செய்தியாளர் வைத்திருக்கும் இரண்டு செய்தி நிறுவனங்களாவது அதைத் தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். திகதி தெரியாத ஸ்கிரீன்ஷொட்டை அப்படியே விட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கும் பாடகர்களைப் பல தடவை "கொன்ற" படங்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன.

இரண்டாவது துண்டுக்கு நம் ஊர் நடைமுறையையே நினைத்துப் பாருங்கள். இங்கே ஒருவர் திடீரென இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார், தேவைப்பட்டால் உடற்கூற்று மாதிரி இரசாயனப் பகுப்பாய்வுக்குப் போகும். அறிக்கை வரும்வரை யாருக்கும் தெரியாது. அங்கேயும் அதே கதைதான். எமி இறந்து இரண்டாம் நாள் செய்த பிரேத பரிசோதனையில் காரணம் தெளிவாகவில்லை. உலகம் முழுக்க அதற்குள் "போதை மருந்து கூடிச் செத்தாள்" என்று எழுதி முடித்திருந்தது. ஓகஸ்ட் 23இல், உடலில் சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் இருக்கவில்லை என்று இரசாயன அறிக்கையை வைத்துக் குடும்பம் சொன்னது. ஒக்டோபர் 26இல் நடந்த மரண விசாரணை மதுவே காரணம் என்றது. விசாரித்த அதிகாரிக்கு அந்தப் பதவிக்குரிய தகுதி இருக்கவில்லை என்று தெரியவந்ததால் 2013 ஜனவரியில் மீண்டும் விசாரணை நடந்தது, முடிவு மாறவில்லை. மூன்று மாதம் பொறுத்தவர்கள் மட்டுமே சரியாகச் சொன்னார்கள்.

மைக்கல் ஜக்சனைக் கொன்றது, சத்திரசிகிச்சைக்கு முன் மயக்கப் பயன்படும் புரபோபோல். அதைத் தூக்கத்துக்காக வீட்டிலேயே கொடுத்த வைத்தியர் 2011 நவம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2016 ஏப்ரலில் இறந்த அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் விழுங்கியது, வழமையான வலிநிவாரணி போலவே தோற்றமளித்த போலி மாத்திரை. அதற்குள் பென்டனில் என்ற மிகக் கடும் மருந்து இருந்ததை அவர் அறிந்திருக்கவில்லை என்றே விசாரித்தவர்கள் முடிவுசெய்தார்கள். இந்த இருவரையும் முதல் நாளில் என்னவெல்லாம் சொன்னோம் என்று தேடிப் பார்த்தால் கைகூசும்.

ஆகவே முதல் நாளில் யாராவது "எப்படி?" என்று கேட்டால் "விசாரிக்கிறார்கள், இன்னும் சொல்லவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வரும் சொற்கள்

மூன்று வகைப் பேச்சு கட்டாயம் வரும். மூன்றுக்கும் பதில் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

முதலாவது: "குடிச்சுக் குடிச்சுச் செத்தவளுக்கு அழுறியா?" இதைச் சொல்பவர் கெட்டவர் இல்லை. பிள்ளை அந்த வழியில் போய்விடக்கூடாது என்ற பயம் அப்படி வெளிவருகிறது. வாதாடாமல், "ஓம், குடிதான் கொண்டுபோனது. விடப் பார்த்தும் முடியல்ல" என்று உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். முதல் பாதியை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பாதியை விடவும் கூடாது. எமி இறப்பதற்கு முன் சில வாரங்கள் குடிக்காமல் இருந்தவர், வைத்தியரிடம் போய்வந்தவர். அந்த விபரம் உள்ளறையில் இருப்பவருக்கு மிகவும் தேவை.

இரண்டாவது நம் மண்ணுக்கே உரியது: "நம்மட ஆக்கள் அத்தனை பேர் செத்தபோது இந்த உலகம் அழுததா? வெள்ளைக்காரிக்கு என்ன கண்ணீர்?" போரையும் 2004 சுனாமியையும் 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பையும் கண்ட ஊரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் உண்மையான இழப்பு இருக்கிறது. இதை "பழைய ஆக்கள் அப்படித்தான்" என்று தள்ளுவது பெரிய பிழை. பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவில் வைத்து "யார் சாவு பெரிது" என்று கேட்பதும் பிழை. எமி இறந்ததற்கு முதல் நாள்தான் நோர்வேயில் 77 பேர் கொல்லப்பட்டார்கள். எதற்கு அழுவது என்று அங்கேயும் சண்டை பிடித்தார்கள், அந்தச் சண்டையில் எந்தக் குடும்பத்துக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை. கேட்பவர் பெரியம்மாவாக இருந்தால் பக்கத்தில் இருந்து, "அப்ப நீங்க யாரை இழந்தீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்லத் தொடங்குவார். பாடகியின் பேச்சு அன்றைக்கு அங்கேயே நின்றுவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது, இசையே கூடாது என்று கொள்ளும் வீடுகளில் வரும். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பிள்ளை வாப்பாவுக்குத் தெரியாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கலாம். அழுதால் அதுவும் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் இருக்கலாம். மார்க்கத்தைப் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். ராத்தாவோ மாமியோ சாச்சியோ பிள்ளையைத் தனியே கூட்டிக்கொண்டு, "யாரோ ஒரு புள்ள, இளம் வயசு, கவலைதான்" என்று சொன்னால் போதும். பாட்டைச் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

எழுதும்போது

நினைவுக் குறிப்பு எழுத விரும்புவோர் 120 சொல்லுக்குள் நிறுத்துங்கள். பாட்டில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதில் தொடங்குங்கள். "இசை உலகின் பேரிழப்பு" என்று தொடங்கினால் யாருக்கும் பொருந்தும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகிவிடும். எமியைப் பற்றி என்றால், தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி வந்து அடுத்த சொல்லில் அதை எட்டிப் பிடிக்கும் அந்தக் குரலைப் பற்றி எழுதலாம். உயிரோடு இருந்தபோது இரண்டே இசைத்தொகுப்பு, 2003இலும் 2006இலும்; 2008 பெப்ரவரியில் ஒரே இரவில் ஐந்து கிராமி விருது. நோயைப் பற்றி எழுதுவதானால் ஒரு வரி, அதுவும் நடுவில். கடைசி வரியாக வைத்தால் வாசிப்பவர் மனதில் நோய் மட்டுமே நிற்கும்.

சொற்களைக் கவனியுங்கள். "குடிகாரி", "தூள்காரன்" என்பதற்குப் பதிலாக "குடிநோய் இருந்தது", "போதைப்பொருள் பாவனையில் சிக்கியிருந்தார்" என்று எழுதலாம். "தானே தேடிக்கொண்ட முடிவு" என்ற வரி மிகவும் கெடுதலானது. போதனா வைத்தியசாலை வாட்டில் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றியும் அது அதையே சொல்கிறது. வெறியில் மேடையில் தடுமாறிய வீடியோவைப் பகிர வேண்டாம். 2011 ஜூன் 18 பெல்கிறேட் நிகழ்ச்சியில் எமியால் பாட முடியாமல் போனதை இலட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் அவர் வாழ்ந்தது ஐந்து வாரம்.

"27 வயது சாபம்" என்ற கதையையும் விட்டுவிடுங்கள். ஹென்றிக்ஸ், ஜொப்லின், மொரிசன், கோபேன், எமி என்ற பாடகர் ஐவரும் அந்த வயதில் இறந்தது உண்மை. ஆனால் 1956க்கும் 2007க்கும் இடையில் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த இசைத்தொகுப்புக்காரர்களை எடுத்துக் கணக்குப் பார்த்த ஆய்வில் 27இல் தனி உச்சம் எதுவும் தெரியவில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாகவே அபாயம் கூடியிருந்தது. 26 வயதில் மனம் உடைந்திருக்கும் பையனுக்குச் சாபக் கதை ஒரு திகதியைக் குறித்துக் கொடுக்கிறது.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால்

இங்கே ஒழுங்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். எந்த முறையில், எந்த இடத்தில், எதைக் கொண்டு என்பதை எழுதவும் வேண்டாம், வகுப்பில் சொல்லவும் வேண்டாம். கடைசிக் கடிதத்தைப் பகிர வேண்டாம். "இப்போது நிம்மதி அடைந்துவிட்டார்" என்ற வரியை விலக்குங்கள். துன்பத்தில் இருப்பவர் அதை ஒரு வழியாகவே வாசிப்பார். ஒரே ஒரு காரணத்தையும் சொல்லாதீர்கள், காதல் தோல்வி என்றோ கடன் என்றோ. ஒரே காரணத்தால் நடப்பது மிக அரிது.

இப்படிச் செய்தால் பலன் உண்டா? 1994 ஏப்ரலில் பாடகர் கேர்ட் கோபேன் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, இரசிகர்களும் அதே வழியில் போவார்களோ என்று அமெரிக்காவின் சியாற்றில் நகரமே பயந்தது. உடல் கண்டெடுத்து இரண்டு நாளில் நடந்த பொது அஞ்சலியில் நெருக்கடி உதவி நிலையமும் பங்கெடுத்தது. எங்கே உதவி கிடைக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவருடைய இசையைப் புகழ்ந்தபோதும் இறந்த விதத்தைப் புகழவில்லை. உதவி எண்ணுக்கு அழைப்பு கூடியது, பயந்ததுபோல் சாவு கூடவில்லை. நம் கழகம் ஒன்று செய்யக்கூடியதும் இதே அளவானதுதான்.

பிள்ளையைக் கவனிப்பது

சாப்பாடு குறைவது, பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்பது, திடீரென அழுவது எல்லாம் முதல் ஒரு வாரம், பத்து நாளுக்கு வழமை. போனைப் பறிக்காதீர்கள், இரவு பத்துக்குப் பிறகு எல்லோருடைய போனும் குசினி மேசையில் என்று வீட்டுக்கே ஒரு ஒழுங்கு வையுங்கள், அப்பாவுடையதும் சேர்த்து. இரண்டு வாரத்துக்குப் பிறகும் தூக்கம் திரும்பவில்லை, ரியூசனுக்குப் போகவில்லை, ஆசைப்பட்டு வைத்திருந்த பொருட்களைக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கிறாள், "நானும் இல்லாட்டி நல்லம்" என்று ஏதாவது சொல்கிறாள் என்றால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, பாடிக்கொண்டிருந்த பிள்ளை என்றால் இன்னும் கூர்ந்து பாருங்கள். தன்னையும் அந்தப் பாடகியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கே அதிகம்.

நேராகக் கேளுங்கள். "மனே, செத்துப்போகணும் எண்டு நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஏற்கெனவே இருந்தால் சொல்ல வழி கிடைக்கும். "ஓம்" என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், அன்றிரவு தனியே விடாதீர்கள். 1926 என்பது தேசிய உளநல நிறுவகத்தின் எண். 1333 ஆலோசனைச் சேவை. எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் உளநலக் கிளினிக் எந்த நாள் என்று பக்கத்து ஆதார வைத்தியசாலையில் கேளுங்கள்.

அதே நாளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. படுவான்கரையிலும் அம்பாறையின் வயல் ஊர்களிலும் கிருமிநாசினியும் புல்லு மருந்தும் கட்டிலுக்கடியிலோ குசினி மூலையிலோதான் கிடக்கும். அவற்றைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்துத் திறப்பை ஒருவர் மட்டும் வைத்திருங்கள். முடிந்தால் ஒரு மாதத்துக்கு வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். வீட்டில் பனடோல் பத்து மாத்திரைக்கு மேல் வேண்டாம். இப்படியான முயற்சி பெரும்பாலும் அந்த அரை மணித்தியால வேகத்தில் நடப்பது. கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். இலங்கையில் 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று உலகிலேயே மிக உயர்ந்திருந்த இந்தச் சாவுகள், கடும் நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின் பெரிதும் குறைந்தன.

குடியில் கிடக்கும் ஒருவரைக் காப்பாற்ற

இந்தப் பகுதியை அச்செடுத்துக் கழகச் சுவரில் ஒட்டலாம். எமியின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 416 மில்லிகிராம் மது இருந்தது. வாகனம் ஓட்ட அங்கே அனுமதிக்கும் எல்லை 80. நம் நாட்டிலும் 80. 350ஐத் தாண்டினாலே உயிர் போகக்கூடும். அந்த அளவில் மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மந்தமாகி, தொண்டையில் வாந்தி ஏறினால் இருமித் தள்ளும் தன்மையும் இல்லாமல் போகும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தூக்கம் போலவே இருக்கும். பல வீடுகளில் "கிடக்கட்டும், விடிய எழும்புவார்" என்று கதவைச் சாத்திவிடுவது அதனால்தான்.

சில வாரம் நிறுத்தியிருந்தவருக்கே அபாயம் கூட. தினமும் குடிக்கும் உடல் அதற்குப் பழகியிருக்கும். நிறுத்தினால் அந்தப் பழக்கம் விரைவாகக் குறையும். ஆனால் கை பழைய அளவையே ஊற்றும். நம் பக்கத்தில் இது எப்போது நடக்கும் என்று யோசியுங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்கு விரதம் இருந்து உகந்தை வழியாக நடந்துபோய்த் திரும்பிய கிழமை. அம்மன் சடங்கு முடிந்து குளிர்த்திக்கு மறுநாள். கட்டாரிலிருந்து இரண்டு வருடம் கழித்து வந்தவருக்குக் கூட்டாளிகள் வைக்கும் முதல் இரவு. புனர்வாழ்வு முடித்து வந்த பையனின் முதல் சம்பள நாள். இந்த நாட்களில் பக்கத்தில் குடிக்காத ஒருவர் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு:

1. பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். நெஞ்சு எலும்பின் நடுவில் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். முனகிக் கண் திறக்காவிட்டால் அது தூக்கம் இல்லை.

2. போன் மணிக்கூட்டை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு இடையில் பத்து விநாடி, அல்லது உதடு நீலம், அல்லது தோல் குளிர்ந்து பிசுபிசுப்பு: இதில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இலவசம். ஊர், வீதி, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிவாசல், ஆளின் வயது, மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒழுங்கைக்குள் வீடு என்றால் ஒருவர் டோர்ச்சோடு பிரதான வீதியில் நிற்கட்டும்.

3. இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் முழங்காலை மடித்து முன்னால் ஊன்ற வையுங்கள், மேற்கையைக் கன்னத்துக்குக் கீழே. தலையைச் சற்றுப் பின்சாய்த்தால் வாந்தி தானாக வெளியே வழியும். நிமிர்த்திக் கிடத்தினால் அதே வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

4. பக்கத்திலேயே இருங்கள். வயிற்றில் கடைசியாக ஊற்றியது இன்னும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அடுத்த மணித்தியாலத்தில் நிலைமை மோசமாகலாம்.

5. மூச்சு நின்றால் நிமிர்த்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கையாலும் ஐந்து சென்டிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாறி மாறி.

தேசிக்காய்த் தண்ணி, மோர், கோப்பி, புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். விழுங்கத் தெரியாத நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும், மதுவைக் குறைக்கவும் மாட்டாது. கிணற்றடியில் தண்ணி ஊற்றினால் ஏற்கெனவே குளிர்ந்த உடல் இன்னும் குளிரும். விரல் விட்டு வாந்தி எடுப்பிக்காதீர்கள், நடத்தாதீர்கள். குடித்தது கசிப்பு என்றால், மறுநாள் கண் மங்கல், தலையிடி, வயிற்று நோ வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மெதனோல் கலந்திருந்தால் பார்வையே போய்விடும். போத்தலையும் கொண்டுபோங்கள்.

இன்னொரு பக்கம்: பாடகியின் சாவைக் கேட்டு மனம் மாறி "நாளையில இருந்து தொட மாட்டன்" என்று சொல்பவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். நல்ல விஷயம், ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக வீட்டில் நிறுத்தினால் சில மணித்தியாலத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் காண்பதும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அவரை அடுத்த நாளே வைத்தியரிடம் கூட்டிப்போய், எவ்வளவு காலம், எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மருந்தோடு படிப்படியாக நிறுத்த முடியும்.

நினைவு மாலை வைப்பதானால்

செத்த வீட்டு முறைகள் இங்கே வேண்டாம். எட்டாம் நாள், முப்பத்தொராம் நாள் எல்லாம் குடும்பத்துக்குரியவை. செய்தி வந்து இரண்டாவது சனிக்கிழமை பொருத்தம்: முதல் கொந்தளிப்பு அடங்கியிருக்கும், ஆட்களும் இன்னும் தேடி வருவார்கள். மாலை நாலரைக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடியுங்கள். பெரும்பாலான மாதங்களில் மஹ்ரிப் பாங்குக்கும் கோயில் பூசைக்கும் முன் முடிந்துவிடும். பெண் பிள்ளைகள் வெளிச்சத்தோடு வீடு போகலாம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நாட்களில் ஒலிபெருக்கியே எடுக்க வேண்டாம். மற்ற நாட்களிலும் பொலிஸ் அனுமதி தேவை. காந்தி பூங்கா போன்ற பொது இடம் என்றால் மாநகர சபைக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு கிழமை முன்னதாகக் கொடுங்கள்.

அறுபது பேருக்கு 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, சிறிய மிக்ஸர் ஒன்று, மைக் இரண்டு தாராளம். ஸ்பீக்கரைத் தாங்கியில் ஏற்றி உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே நிற்க வையுங்கள். நிலத்தில் வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குச் சொல் கேட்காது. மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால். முன்னால் வந்தால் "கூ" என்று கத்தும். பாட்டுகளை முன்கூட்டியே போனில் இறக்கி, விமானப் பயன்முறையில் போடுங்கள். அஞ்சலி நடுவில் விளம்பரம் பாடினால் அதன்பின் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. கேபிள் ஒன்று கூடுதலாக வையுங்கள். கல்லடிக் கடற்கரை என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றில் மெழுகுதிரி நிற்காது. கண்ணாடிக் குவளைக்குள் வைத்தால் நிற்கும். மார்கழியில் திறந்த வெளியை நினைக்கவே வேண்டாம்.

படம் ஒன்று, மேடையில் மைக்கோடு பாடும் படமாக. மெலிந்து போன கடைசிக் காலப் படம் ஆட்களைப் பரிதாபத்துக்குள் இழுக்கும், பாட்டைக் கேட்க விடாது. பல சமயத்தவர் வருவதால் மாலையும் விளக்கும் தவிர்த்து, ஒரு நிமிட மௌனம் போதும்.

பாட்டு ஆறு. ஒவ்வொன்றுக்கும் முன் ஒருவர் தமிழில் மூன்று வரி: பாடுபவள் யாரிடம் சொல்கிறாள், என்ன சொல்கிறாள், எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த நாலு பேருக்காக மட்டும் நடத்தினால் மற்றவர்கள் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். எமி என்றால், மறுவாழ்வு நிலையத்துக்குப் போகமாட்டேன் என்று பாடிய அந்தப் பிரபலப் பாட்டை விட்டுவிடுவது நல்லது. கூட்டம் கைதட்டிப் பாடும், சபையில் குடிநோயோடு இருப்பவர் அந்தக் கைதட்டலை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. கட்டாயம் போட வேண்டுமென்றால், அவர் அதன்பின் பலமுறை சிகிச்சைக்குப் போனதையும் சொல்லிவிட்டுப் போடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: உருக்கமாக இருக்கும் என்று ஊர்ப் பெண்களைக் கூட்டிவந்து ஒப்பாரி பாட வைக்காதீர்கள். அந்த வரிகளை அவர்கள் சொந்தப் பிள்ளைக்காகச் சொல்லி அழுதவர்கள்.

பேச்சாளர் இருவர், ஆளுக்கு ஐந்து நிமிடம். 1926, 1990 இரண்டு எண்ணையும் தொடக்கத்திலும் முடிவிலும் வாசியுங்கள். அறுபது பேருக்கு இஞ்சிப் பிளேன்டீ என்றால் ஒன்பது லீற்றர் தண்ணி, 120 கிராம் தேயிலைத்தூள், 200 கிராம் இஞ்சி, 700 கிராம் சீனி. கால்வாசியைச் சீனி போடாமல் எடுத்து வையுங்கள். உண்டியல் வேண்டாம். கொடுக்க விரும்புவோர் பக்கத்துப் பாடசாலை இசையறைக்கு என்ன குறைகிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, கித்தார்க் கம்பியோ மிருதங்கத்துக்குத் தோலோ நேராக வாங்கிக் கொடுக்கட்டும்.

வாசலில் ஒருவர் வெறியோடு வருவார். இப்படியான மாலைக்கு அவர் வராமல் இருந்தால்தான் அதிசயம். விரட்டாதீர்கள். கரைக் கதிரையில் இருத்தி, தண்ணி கொடுத்து, பொறுமையான ஒரு தம்பியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் முச்சக்கர வண்டியில் அவரை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வீட்டில் எழும்பி நிற்கும் ஒருவர் கையில் ஒப்படைத்து, இடப்பக்கம் சரித்துப் படுக்க வைக்கும் முறையை அவருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.